கிளிஃபர்ட் பியர்ஸ்

கிளிஃபர்ட் விட்டிங்கம் பியர்ஸ் (மார்ச் 30, 1876 – ஜூலை 9, 1943) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மனநல இயக்க முன்னோடியும் நூலாசிரியரும் ஆவார். இவர் மருத்துவர் அல்லர். மனநோயாளியாக மூன்று ஆண்டுகள் மருத்துவமனைகளில் அடைபட்டிருந்து, அங்கு தாம் பட்டதையும் கண்டதையும் 1908 ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டவர். தன்னைத்தானே கண்டடைந்த மனம் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூல், மனநோயாளிகளை நடத்தும் முறை குறித்து அமெரிக்காவில் பெரும் கவனத்தை ஏற்படுத்தியது. அதனைத் தொடர்ந்து இவர் தொடங்கிய அமைப்புகளே மனநலக்காப்பு இயக்கமாக வளர்ந்து பிற நாடுகளுக்கும் பரவின.

இளமைக்காலம்

பியர்ஸ் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். இராபர்ட் பியர்ஸ், ஐடா குக் ஆகியோர் இவருடைய பெற்றோர். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெஃபீல்டு அறிவியல் பள்ளியில் படித்து 1897 இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூ ஹேவன் நகர வரி வசூல் அலுவலகத்தில் எழுத்தராகவும், அதன்பின் நியூயார்க்கில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலும் பணியாற்றினார்.

1894 ஆம் ஆண்டில் இவருடைய மூத்த சகோதரர் ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டது. அது காக்காய் வலிப்பு எனக் கருதப்பட்டது. நலமுடன் இருந்த அண்ணனுக்கு வந்த நோய் தமக்கும் வரும் என்ற அச்சம் அன்று முதல் பியர்சைப் பற்றிக்கொண்டது. ஆறு ஆண்டுகள் இவ்வச்சம் இவரை விட்டு நீங்கவில்லை. கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக்கூட நடுங்கினார். ஆயினும் தமது அச்சத்தை இவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. படிப்பையும் பணியையும் வழக்கம்போல் தொடர்ந்தமையால் உடனிருந்தோர் இவரை நலமானவர் என்றே எண்ணினர். அண்ணன் 1900 ஜூலையில் இறந்தார். அவருடைய நோய்க்கு மூளையின் அடிப்பகுதியில் இருந்த கட்டியே காரணம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். அதாவது, பியர்ஸ் அஞ்சியதுபோல அது பரம்பரை நோயாக இருக்கவில்லை. ஆனால் இம்முடிவு தெரியவருவதற்கு முன்னரே அச்சம் இவரை நோயாளியாக்கியிருந்தது.

நோயுறுதல்

1900 ஜூன் நடுப்பகுதியில் பியர்ஸ் வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பினார். தமக்கு வலிப்பு நோய் வந்துவிட்டது என்று உறுதியாக நம்பிய இவர், ஜூன் 23 அன்று தற்கொலைக்கு முயன்று வீட்டின் மேல்மாடியிலிருந்து குதித்தார். கால் எலும்புகள் முறிந்தனவேயன்றி உயிருக்குச் சேதம் ஏற்படவில்லை. வியப்பூட்டும் வகையில், ஆறாண்டுகளாக இவரை வாட்டிய வலிப்பு அச்சம் அந்தக் கணத்தோடு மறைந்தது. அதன் இடத்தில் வேறு பொய்நம்பிக்கைகள் குடிபுகுந்தன.

தாம் ஒரு குற்றவாளி என்றும், மருத்துவமனையில் தம்மைச் சுற்றியிருப்போர் துப்பறிவாளர்கள் என்றும் இவர் நம்பினார். சன்னலில் இருந்த கம்பிகள் சிறைக்கம்பிகளாகத் தோன்றின. இல்லாத குரல்கள் கேட்டன. காண வந்த பெற்றோரும் சகோதரர்களும் உண்மையான உறவினர் அல்லர், அவர்களைப் போல வேடமிட்டு வந்தவர்கள் என்று எண்ணினார். எதைப் பேசினாலும் அது தமக்கெதிரான சாட்சியமாகும் என்று கருதியதால் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். தாம் சொல்வது பிறருக்கு விளங்காது என்பதால் அன்று. பேசுவது ஆபத்து என்ற முடிவினால் ஏற்பட்ட மௌனம் அது. அவருடைய நம்பிக்கைகள் தவறானவையாயினும், அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுகளுக்குத் தெளிவான காரணத் தொடர்ச்சி இருந்தது. மனநோயாளியின் செயல்கள் பொருளற்றவை என்ற பொதுவான எண்ணத்திற்கு மாறான இச்செய்தி, இவரது நூலின் முக்கியமான பங்களிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மருத்துவமனை வாழ்க்கை

1900 முதல் 1903 வரை பியர்ஸ் மூவகையான மனநோய் மருத்துவமனைகளில் இருந்தார். முதலாவது ஸ்டாம்ஃபர்டில் இலாப நோக்குடன் நடத்தப்பட்ட தனியார் இல்லம். அங்கிருந்து வெளியேறிச் சில காலம் ஓர் உதவியாளரின் வீட்டில் தங்கிய பின், 1901 ஜூனில் ஹார்ட்ஃபர்ட் ரிட்ரீட் எனும் இலாப நோக்கற்ற தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1902 நவம்பரில் மிடில்டவுன் நகரிலிருந்த மாநில அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். பணம் செலுத்துவோர், ஓரளவு செலுத்துவோர், ஒன்றும் செலுத்த இயலாதோர் ஆகிய முத்தரப்பினரும் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை ஒரே நோயாளி ஒப்பிட்டு அறிய இதனால் வாய்ப்பு ஏற்பட்டது.

அக்காலத்தில் மனநோய்க்குப் பயனுள்ள மருந்துகள் இருக்கவில்லை. ஓய்வு, உணவு, கண்காணிப்பு ஆகியவையே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தன. மருத்துவர்கள் சுற்றிவரும்போது ஒவ்வொரு நோயாளியையும் சில நொடிகளே பார்த்தனர். நாள் முழுவதும் உடனிருந்தவர்கள் பயிற்சியற்ற, குறைந்த ஊதியம் பெற்ற உதவியாளர்களே. நோயாளி உண்ண மறுத்தால் அது பிடிவாதம் என்றும், பேச மறுத்தால் அது ஒத்துழையாமை என்றும் கொள்ளப்பட்டது. பியர்ஸ் தம் பொய்நம்பிக்கைகளினாலேயே உண்ண மறுத்தார். ஏன் உண்ணவில்லை என்ற காரணத்தைப் பொறுமையுடன் தேடியவர்கள் சிலரே. அத்தகைய சிலரை இவர் தம் நூலில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

தெளிவு திரும்புதல்

1902 கோடையில் ஹார்ட்ஃபர்டில் இருந்தபோது, வெளியே சென்றுவர அனுமதி பெற்றிருந்த சக நோயாளி ஒருவருடன் பியர்ஸ் பேசத் தொடங்கினார். தம்மைக் காண வருபவர் உண்மையான அண்ணன் அல்லர் என்ற தம் ஐயத்தை அவரிடம் வெளியிட்டார். அந்நண்பர் அதனை எள்ளவோ மறுக்கவோ இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றார். நகர முகவரிப் புத்தகத்தைப் பார்த்து ஜார்ஜ் பியர்சின் முகவரியை உறுதி செய்து வந்தார். அம்முகவரிக்குப் பியர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். வருபவர் உண்மையான அண்ணனாயின் அதே கடிதத்தைக் கையில் எடுத்துவர வேண்டும் என்பது அதன் செய்தி. வேடதாரியிடம் அக்கடிதம் இருக்க முடியாது என்பது இவருடைய கணக்கு.

1902 ஆகத்து 30 அன்று அண்ணன் ஜார்ஜ் அக்கடிதத்துடன் வந்தார். அதைக் கண்ட நொடியில் பியர்சின் பொய்நம்பிக்கைகளின் கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. 798 நாட்கள் நீடித்த மனச்சோர்வு நிலை அன்றோடு முடிவுற்றது. மருத்துவர்களின் அறிவுரைகளால் அசையாத நம்பிக்கையை, அவரது ஐயத்தை மதித்து அதற்கேற்ற சோதனைக்கு உதவிய சக நோயாளி ஒருவரின் செயல் அசைத்தது குறிப்பிடத்தக்கது. எனினும், நோயின் போக்கில் ஒரு மாற்றம் ஏற்கனவே தொடங்கியிருந்ததால்தான் அச்சோதனை பயன் தந்திருக்கக்கூடும். பொய்நம்பிக்கைகள் எல்லோருக்கும் இவ்வாறு நீங்குவதில்லை.

மிகை எழுச்சியும் ஒடுக்குமுறையும்

தெளிவு திரும்பியபோதும் பியர்ஸ் முழுமையாக நலமடையவில்லை. மனச்சோர்வுக்கு நேர்மாறான மிகை எழுச்சி நிலைக்குச் சென்றார். ஓயாமல் பேசினார், இடைவிடாது எழுதினார், பெருந்திட்டங்கள் தீட்டினார், உரிமைகள் கோரி மருத்துவர்களுடன் வாதிட்டார். சோர்வும் மிகை எழுச்சியும் மாறிமாறி வரும் இவ்வகை நோய் தற்காலத்தில் இருமுனையப் பிறழ்வு எனப்படுகிறது. பியர்சின் நோய்க்குறிகள் இதனுடன் பெரிதும் ஒத்துள்ளன.

இந்நிலையில் ஹார்ட்ஃபர்டில் பொறுப்பிலிருந்த உதவி மருத்துவருடன் இவருக்கு மோதல் ஏற்பட்டது. இவரது கோரிக்கைகள் அனைத்தும் நோயின் வெளிப்பாடுகளாகவே கருதப்பட்டன. எழுதுபொருட்கள் பறிக்கப்பட்டன. பின்னர் கட்டுச்சட்டை அணிவிக்கப்பட்டார். இது கைகளை மார்பின் குறுக்கே வைத்து உடலோடு சேர்த்து இறுக்கிக் கட்டும் முரட்டுத்துணிச் சட்டையாகும். சில மணி நேரத்தில் கைகள் மரத்துப்போகும். தோள்களிலும் விரல்களிலும் கடும் வலி உண்டாகும். தளர்த்துமாறு இவர் விடுத்த வேண்டுகோள் பொருட்படுத்தப்படவில்லை. தொடர்ந்து பல இரவுகள் இவர் இவ்வாறு கட்டப்பட்டார்.

அரசு மருத்துவமனையில் நிலைமை மேலும் கடுமையாக இருந்தது. வன்முறையாளர்களுக்கான பிரிவில் நிகழ்வதை நேரில் அறியவேண்டும் என்ற எண்ணத்தில், பியர்ஸ் வேண்டுமென்றே விதிகளை மீறி அப்பிரிவுக்கு மாற்றப்படும்படி செய்துகொண்டார். அங்கு குளிர் மிகுந்த சிறிய அறையில் போதிய உடையின்றி அடைக்கப்பட்டார், அடிபட்டார், கழுத்து நெரிக்கப்பட்டார். தம் துன்பத்தை எடுத்துச் சொல்ல இயலாத நோயாளிகளே மிகுதியாகத் தாக்கப்படுவதை இவர் கண்டார். நோயாளி முறையிட்டால் அது பிரமை என ஒதுக்கப்பட்டது. உதவியாளரின் கூற்றே உண்மையென ஏற்கப்பட்டது. இதனால் குற்றமிழைத்தவர்களைக் கண்டறியும் வழி மருத்துவமனைக்குள்ளேயே அடைபட்டுப் போயிருந்தது.

1903 இல் மாநில ஆளுநருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, மருத்துவமனை அலுவலர்களின் கண்ணில் படாமல் அனுப்பிவைத்தார். அக்கடிதம் ஆளுநரைச் சென்றடைந்தது. 1903 செப்டம்பரில் பியர்ஸ் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

நூல் உருவாக்கம்

விடுதலைக்குப் பின் பியர்ஸ் நியூயார்க்கில் வணிகத் துறையில் வேலைக்குச் சேர்ந்து திறம்படப் பணியாற்றினார். எனினும் மருத்துவமனைகளைச் சீர்திருத்தும் எண்ணம் இவரை விடவில்லை. 1905 தொடக்கத்தில் மீண்டும் மிகை எழுச்சிக்கான அறிகுறிகள் தோன்றியபோது, தாமாகவே ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைக்குச் சென்று குறுகிய காலம் தங்கித் திரும்பினார். தம்மைத் துன்புறுத்திய இடத்திற்கே இவர் தாமாகச் சென்றது, மருத்துவத்தையே இவர் வெறுக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அதன்பின் நூலின் முதல் வரைவைச் சுருக்கெழுத்தாளர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தார்.

முன்னாள் மனநோயாளி ஒருவரின் சொல்லை யார் நம்புவர் என்பதே இவர் எதிர்நோக்கிய பெருந்தடை. மருத்துவமனைக்குள் இவரது முறையீடுகளை மதிப்பிழக்கச் செய்த அதே காரணம் வெளியிலும் தொடர்ந்தது. எனவே நூலை அச்சிடுமுன் அறிஞர்கள் பலரிடம் கையெழுத்துப் படியைக் காட்டிக் கருத்துக் கேட்டார். ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் 1906 இல் அதைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அக்கடிதம் பின்னர் நூலின் முகவுரையாக அச்சிடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் அடோல்ஃப் மேயர், கையெழுத்துப் படியைத் திருத்துவதில் உதவினார். இயக்கத்துக்கு மனநலக்காப்பு என்ற பெயரைப் பரிந்துரைத்தவரும் இவரே. நோய்க்குப் பின் பராமரிப்பதோடு நில்லாமல், நோய் வராமல் காப்பதும் நோக்கமாக வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து.

நூல் 1908 மார்ச்சில் வெளிவந்தது. தம்மைத் துன்புறுத்திய மருத்துவர்கள், உதவியாளர்களின் பெயர்களைப் பியர்ஸ் அதில் வெளியிடவில்லை. தனிமனிதர்களைப் பழிவாங்குவது பயன் தராது. பயிற்சியின்மை, ஆள் பற்றாக்குறை, மேற்பார்வையின்மை ஆகியவற்றை நீக்கினாலன்றிக் கொடுமை ஒழியாது என்பது இவர் நிலைப்பாடு. தம் நோயைப் பற்றியும் இவர் எதையும் மறைக்கவில்லை. தாம் கொண்டிருந்த பொய்நம்பிக்கைகளை அவ்வாறே விவரித்த பின்னரே தாம் பட்ட கொடுமைகளை விவரித்தார். இவ்வெளிப்படைத்தன்மையே நூலின் நம்பகத்தன்மைக்குக் காரணமாயிற்று எனலாம்.

மனநலக்காப்பு இயக்கம்

1908 மே மாதத்தில் பியர்ஸ் கனெடிகட் மனநலக்காப்புச் சங்கத்தை நிறுவினார். 1909 பெப்ரவரி 19 அன்று நியூயார்க்கில் தேசிய மனநலக்காப்புக் குழு தோற்றுவிக்கப்பட்டது. பியர்ஸ் அதன் செயலாளராக நீண்டகாலம் பணியாற்றினார். தொடக்க ஆண்டுகளில் நிதி கிடைக்காமல் குழு தடுமாறியது; பியர்ஸ் கடன்பட்டார். நாடு முழுவதற்குமான பணியை விரைந்து தொடங்கவேண்டும் என்று இவர் விரும்பினார். ஒரு மாநிலத்தில் முறையாகச் செய்து காட்டிய பின்னரே விரிவாக்க வேண்டும் என்று மேயர் கருதினார். இவ்வேறுபாட்டினால் மேயர் குழுவிலிருந்து விலகினார்.

1912 இல் கொடையாளர்களின் நிதி கிடைத்ததோடு, மருத்துவர் தாமஸ் சால்மன் குழுவில் சேர்ந்தார். அதன்பின் பணிகள் விரைவு பெற்றன. குழுவின் முக்கியப் பணிகள் வருமாறு:

பல மாநிலங்களில் மனநோயாளிகள் எங்கு, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளனர் என்ற ஆய்வுகள் நடத்தப்பட்டன. சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் நோயாளிகள் அடைக்கப்பட்டிருந்தது இவற்றால் வெளிப்பட்டது.

முதலாம் உலகப்போரில் மனப் பாதிப்புக்குள்ளான படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடுகளில் குழு பங்கேற்றது. போர்முனையில் நடுங்கிப்போன வீரர்களைக் கோழைகள் எனக் கருதாமல் நோயாளிகளாகக் கருதும் போக்கு வலுப்பெற இப்பணி உதவியது.

மருத்துவமனைகள் நோயாளிகளின் எண்ணிக்கையையும் நோய் வகையையும் ஒரே முறையில் பதிவு செய்வதற்கான கையேடு, உளமருத்துவர் சங்கத்துடன் இணைந்து 1918 இல் வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் பயன்படும் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

1920களில் குழந்தைகளுக்கான வழிகாட்டு மையங்கள் பல நகரங்களில் தொடங்கப்பட்டன.

இவற்றைத் தவிர, 1913 இல் நியூ ஹேவனில் பியர்ஸ் ஒரு மனநல மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். நோயாளிகள் தங்காமல் வந்து ஆலோசனை பெற்றுச் செல்லும் வகையில் அமெரிக்காவில் அமைந்த முதல் நிலையங்களுள் இதுவும் ஒன்று. அது பின்னர் இவர் பெயரையே பெற்றது.

பியர்சின் நூலைப் படித்து ஈர்க்கப்பட்ட மருத்துவர் கிளாரன்சு இங்க்சு 1918 இல் கனடாவில் இதே போன்ற குழுவை நிறுவினார். 1930 மே மாதத்தில் வாசிங்டன் நகரில் முதலாவது பன்னாட்டு மனநலக்காப்பு மாநாடு நடைபெற்றது. பல நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் கூடிய அம்மாநாட்டை ஒருங்கிணைத்தவர்களுள் முதன்மையானவர், கால் நூற்றாண்டுக்கு முன் எழுதுகோலும் மறுக்கப்பட்ட பியர்ஸ் ஆவார்.

விமர்சனங்கள்

மனநலக்காப்பு இயக்கம் விமர்சனங்களுக்கும் உள்ளாகியுள்ளது. குழு வளர வளர, அதன் வழிநடத்தல் உளமருத்துவர்கள், கொடையாளர்கள் ஆகியோர் கைக்குச் சென்றது. நோயாளிகளின் குரலில் தொடங்கிய இயக்கத்தில் முன்னாள் நோயாளிகளுக்கு இடம் குறைந்தது. தடுப்புப் பணிகளில் கவனம் செலுத்திய அளவுக்கு, அரசு மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தோரின் அன்றாடத் துயரத்தில் கவனம் செலுத்தப்படவில்லை என்றும் கூறப்படுகிறது. பியர்ஸ் கண்டித்த நெரிசலும் கொடுமையும் அவர் இறந்த பின்னரும் பல மருத்துவமனைகளில் தொடர்ந்தன.

அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இனமேம்பாட்டியல் கருத்துகள் இயக்கத்தின் தலைவர்கள் சிலரையும் ஆட்கொண்டிருந்தன. மனநோயைப் பெரும்பாலும் பரம்பரையின் விளைவாகக் கண்டு, குடிவரவோரைத் தடுப்பது, நோயாளிகளுக்குக் கருத்தடை செய்வது போன்றவற்றை ஆதரித்த அக்கருத்துகள் பின்னர் அறிவியல் அடிப்படையிலும் அற அடிப்படையிலும் நிராகரிக்கப்பட்டன. பரம்பரை நோய் என்ற தவறான அச்சத்தாலேயே துன்பமுற்ற ஒருவர் தொடங்கிய இயக்கத்தில் இது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது.

இறுதிக்காலம்

பியர்ஸ் 1912 இல் கிளாரா ஜெப்சனைத் திருமணம் செய்துகொண்டார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. யேல் பல்கலைக்கழகம் 1922 இல் இவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கியது. 1939 இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் மனச்சோர்வு மீண்டும் தாக்கவே, ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்சு நகரிலுள்ள பட்லர் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேயே 1943 ஜூலை 9 அன்று தமது 67 ஆவது வயதில் காலமானார். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இவர் தொடர்ந்து பணியாற்றியது, மனநோய் மீண்டும் வரக்கூடியது என்றாலும் அதற்கிடையில் முழுமையான வாழ்க்கை வாழ இயலும் என்பதற்குச் சான்றாகும்.

நினைவும் தொடர்ச்சியும்

தேசிய மனநலக்காப்புக் குழு 1950 இல் வேறு அமைப்புகளுடன் இணைந்து தேசிய மனநலச் சங்கமாயிற்று. இது பின்னர் மென்டல் எல்த் அமெரிக்கா என்ற பெயரைப் பெற்றது. முன்பு மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கட்டிவைக்கப் பயன்பட்ட சங்கிலிகளையும் விலங்குகளையும் நாடெங்கிலுமிருந்து திரட்டி, 1953 இல் பால்டிமோர் நகர வார்ப்படச் சாலை ஒன்றில் உருக்கி, 300 இறாத்தல் எடையுள்ள மணி ஒன்றை இச்சங்கம் வார்த்தது. இந்த மனநல மணி அவ்வமைப்பின் சின்னமாக விளங்குகிறது.

பன்னாட்டு அளவில் பியர்ஸ் தொடங்கிய குழுவின் வழியில் 1948 இல் உலக மனநலக் கூட்டமைப்பு உருவானது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 அன்று கடைப்பிடிக்கப்படும் உலக மனநல நாளை 1992 இல் தொடங்கியது இக்கூட்டமைப்பே ஆகும்.

நோயாளியின் முறையீட்டை நோயின் அறிகுறியாக மட்டும் கொள்ளாமல், விசாரிக்கத்தக்க செய்தியாகவும் கொள்ளவேண்டும் என்பது பியர்ஸ் வலியுறுத்திய கருத்துகளுள் முதன்மையானது. மனநல மருத்துவமனைகளில் வெளியார் மேற்பார்வை, நோயாளிகளின் கடிதப் போக்குவரத்து உரிமை, கட்டிவைப்பதற்கான கட்டுப்பாடுகள் ஆகியவை பல நாடுகளின் மனநலச் சட்டங்களில் பின்னர் இடம்பெற்றன. இவரது நூல் இன்றும் அச்சில் உள்ளது. மனநோயை நோயாளியின் பார்வையில் விளக்கும் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாக உளவியல், மருத்துவம், சமூகப்பணி மாணவர்களால் படிக்கப்படுகிறது.